ஆச்சியின் பல்லும் குடலும்: காரைக்குடிப் பக்கத்து வயிற்றுப்போக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் மருத்துவர்களான எங்கள் வாயில் முதலில் வருவது, "எந்த விசேஷத்துல சாப்பிட்டீக?" என்ற கேள்விதான். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் இந்த ஆச்சியின் விஷயத்தில் அந்தக் கேள்வியே என்னைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் தாமதமும் தேவையில்லாத ஓர் ஊசியும் அதன் விலை. இதை எழுதக் காரணம் அதுதான். ஆச்சியும் அவர் மகனும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் விட்டுவிட்டேன்.

ஆச்சிக்கு 71 வயது. சர்க்கரை நோய் 18 ஆண்டுகளாக இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். இவை போக, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டொப்ரசோல் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் நெஞ்செரிச்சலுக்காக ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்ததை அவர் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நீண்டு கிடக்கும் வீட்டில் ஆச்சியும் அவருக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவும் மட்டும்தான்.

எங்கள் சிறிய மருத்துவமனைக்கு அவரைக் காரில் படுக்கவைத்து அழைத்து வந்தது வயிற்றுப்போக்கு தொடங்கிய ஒன்பதாம் நாள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை தண்ணீராகப் போகிறது, அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கிறது, இரண்டு நாளாகக் காய்ச்சல். ரத்தம் போகவில்லை. வாந்தி இல்லை.

"பங்காளி வீட்டுப் படைப்புக்குப் போய்ட்டு வந்தாக. ரெண்டாம் நாளே புடிச்சுக்கிச்சு" என்றார் அக்கா. அவ்வளவுதான், எனக்குக் கதை முடிந்துவிட்டது. முன்னோருக்குப் படைத்துப் பந்தி போடும் படைப்புச் சாப்பாடு, வெயில் காலம், வயதான உடம்பு. நாடி 112, ரத்த அழுத்தம் 100/60, காய்ச்சல் 101 டிகிரி. நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. வயிறு லேசாக உப்பியிருந்தது. இடது அடிவயிற்றை அழுத்தினால் முகம் சுளித்தார். ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னேன், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். காய்ச்சலோடு வந்த வயிற்றுப்போக்குதானே என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒரு கிராம் போடச் சொன்னேன். அந்தக் கடைசி வரியை இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது. எரிகிற வீட்டில் நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை முடிவுகள் வந்தன. வெள்ளையணுக்கள் 18,400. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7, மூன்று மாதத்துக்கு முந்தைய அறிக்கையில் அது 1.0. பொட்டாசியம் 3.0. ரத்தப் புரதமான அல்புமின் 2.6. மலத்தில் சீழ்செல்கள் நிறைய, அமீபாவோ வேறு ஒட்டுண்ணியோ இல்லை. ஸ்கேனில் பெருங்குடலின் சுவர் நெடுக வீங்கித் தடித்திருந்தது.

எனக்கு உறுத்தியது வெள்ளையணு எண்ணிக்கை. கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். ஒன்பதாம் நாளில் 18,400-க்கு ஏறி நிற்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அதோடு, படைப்பில் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆச்சிக்கு இலை எடுத்து வைத்த அக்காவும் அதையேதான் சாப்பிட்டிருக்கிறார், கல்லுப்போல் நின்றுகொண்டிருந்தார்.

மெட்ஃபார்மினும் வயிற்றுப்போக்கு தரும். ஆனால் 18 ஆண்டு பேசாமல் இருந்த மாத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று கிளம்பாது, காய்ச்சலும் தராது. காலரா என்றால் இத்தனை காய்ச்சலும் சீழும் இருக்காது. சீதபேதியோ சால்மொனெல்லாவோ என்றால் வைத்துப் பார்க்கலாம், ஆனால் ஒரு வாரமாக அதற்கான மாத்திரையும் சாப்பிட்டுவிட்டதாக அக்கா சொன்னார். "என்ன மாத்திரை?" என்றேன். "தெரியலீங்க. டப்பாவுல இருக்கு."

அந்த டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். இந்த நோயாளியின் வியாதி கண்டுபிடிக்கப்பட்டது ஆய்வுக்கூடத்தில் அல்ல, அந்த டப்பாவில்தான்.

பழைய பித்தளைச் சம்புடம். திறந்தால் கற்பூர வாசனை. உள்ளே சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்து மூன்று காலி ஆன்டிபயாடிக் அட்டைகள் கிடந்தன, ஆச்சி எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. முதல் அட்டை கிளிண்டமைசின் 300 மி.கி. இரண்டாவது செஃபிக்சிம் 200 மி.கி. மூன்றாவது ஒஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. கூடவே வயிற்றுப்போக்கை அடக்கும் லோபராமைடு நான்கு, இரண்டு தின்னப்பட்டிருந்தன. அட்டைகளைக் கட்டிலின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டு ஆச்சியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். களைப்போடு, ஆனால் தேதி பிசகாமல் சொன்னார்.

வயிற்றுப்போக்கு தொடங்குவதற்குப் பதினேழு நாளுக்கு முன் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆச்சிக்குப் பென்சிலின் ஆகாது என்று பல்லாண்டுகளாக எல்லாச் சீட்டிலும் எழுதியிருக்கிறது. அதனால் அமாக்சிசிலினுக்குப் பதில் கிளிண்டமைசின், ஐந்து நாள். வீக்கம் முழுதாக வடியவில்லை என்று அடுத்த ஐந்து நாளுக்கு செஃபிக்சிம். இதை எந்த மருத்துவரும் எழுதவில்லை. பல்வலி என்று சொல்லி மருந்துக்கடையில் வாங்கியது. ஒரு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு. அதற்கு உள்ளூரில் ஒஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் ஐந்து நாள். இரண்டு நாள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து மறுபடி பெருகியது. ஒன்பதாம் நாள் இரவு நான் போட்ட செஃப்ட்ரியாக்சோன்.

ஆக, நான்கு வாரத்துக்குள் நான்கு முறை. ஒவ்வொன்றையும் கொடுத்தவருக்கு ஒரு நியாயம் இருந்தது. நால்வரில் ஒருவரும் (என்னையும் சேர்த்து) முந்தையவர் என்ன கொடுத்தார் என்று கேட்கவில்லை.

கிளிண்டமைசினுக்குப் பின் வயிற்றுப்போக்கு என்றதும் எந்த மருத்துவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும்: க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். வார்டுப் பேச்சில் சி டிஃப். 1935-இல் ஹால், ஓ'டூல் என்ற இருவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஆக்சிஜன் பட்டால் வளராது, வளர்ப்பதே பெரும்பாடு. அதனால்தான் பெயரிலேயே "கடினம்" என்பதைச் சேர்த்து வைத்தார்கள். நலமாக இருக்கும் குழந்தைகளின் குடலில் இருந்ததால் இதனால் பெரியவர்களுக்கு நோய் வரும் என்று வெகுகாலம் யாரும் நினைக்கவில்லை.

பிறகு 1974-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் டெடெஸ்கோவும் அவர் குழுவினரும் கிளிண்டமைசின் எடுத்துக்கொண்ட 200 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 21 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, பத்தில் ஒருவருக்குப் பெருங்குடலின் உட்சுவரில் மஞ்சள் நிறப் படலம் படிந்த கடும் அழற்சி. அப்போதும் மருந்தே குடலை எரிக்கிறது என்றுதான் எண்ணினார்கள். குற்றவாளி மருந்து அல்ல, மருந்து காலி செய்துவிட்ட இடத்தில் வந்து குடியேறும் டிஃபிசில் பாக்டீரியாவும் அது கக்கும் நஞ்சும் என்பது 1978-இல் பார்ட்லெட்டும் மற்றவர்களும் காட்டிய பிறகே தெளிவானது. இன்று கிளிண்டமைசின் மட்டுமல்ல, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் (செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் இந்த வகை) ஒஃப்ளாக்சசின் குடும்பமும் இதில் முன்வரிசையில் இருக்கின்றன. ஆச்சியின் சம்புடத்தில் இந்த மூன்று வகையும் ஒன்றாகக் கிடந்தன.

சந்தேகம் வந்துவிட்டது, உறுதி செய்ய வேண்டும். பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான மலக் கல்ச்சரில் இது வளராது. கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்று வரும் அறிக்கையை நம்பி எத்தனை பேரை விட்டிருப்போமோ. இதற்குத் தனிச் சோதனை வேண்டும்: பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் ஜிடிஎச் ஆன்டிஜென், அது நஞ்சைச் சுரக்கிறதா என்று பார்க்கும் டாக்சின் சோதனை, இரண்டும் முரண்பட்டால் நஞ்சுக்கான மரபணுவைத் தேடும் பிசிஆர். நாங்கள் அனுப்பக்கூடிய கூடம் மதுரையில், இங்கிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. இந்த நஞ்சு சாதாரண வெப்பத்தில் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும், இரண்டு மணி நேரத்திலேயே சோதனைக்கு அகப்படாமல் போகலாம். திருப்பத்தூர், மேலூர் வழியாக மே மாத வெயிலில் சாதாரணப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஐஸ் கட்டி நிரப்பிய பெட்டியில் மாதிரியை வைத்து, ஆய்வுக்கூட ஊழியரைக் காரிலேயே அனுப்பினோம். அன்று மாலையே போன் வந்தது. ஆன்டிஜென் பாசிட்டிவ், டாக்சின் பாசிட்டிவ்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கெட்டியாக மலம் போகிறவருக்கு இந்தச் சோதனை செய்யக்கூடாது. நோயே இல்லாமல் இந்தப் பாக்டீரியாவைச் சுமந்து திரிகிறவர்கள் உண்டு. பிசிஆர் மட்டும் செய்தால் அவர்களும் பாசிட்டிவ் ஆகி, தேவையில்லாத மருந்தைச் சாப்பிட நேரும்.

வெள்ளையணு 15,000-ஐத் தாண்டினாலோ கிரியாட்டினின் 1.5-ஐத் தாண்டினாலோ அதைக் கடுமையான நோய் என்று வகைப்படுத்துகிறோம். ஆச்சிக்கு இரண்டுமே. அதிர்ச்சி நிலைக்கோ குடல் செயலிழப்புக்கோ போகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

சிகிச்சையில் முதல் வேலை நிறுத்துவது. செஃப்ட்ரியாக்சோன் நின்றது. லோபராமைடு நின்றது, நஞ்சு வெளியேறும் வழியை அடைத்துக் குடலை ஊதவைக்கும் ஆபத்து அதற்கு உண்டு. பான்டொப்ரசோலை நிறுத்தினேன். வயிற்றின் அமிலம் குறைந்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஆச்சிக்கு அந்த மாத்திரைக்கான தேவையே முடிந்து நாலாண்டு ஆகிவிட்டது. சிறுநீரகம் தேறும்வரை மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் வேண்டாம், சர்க்கரைக்கு இன்சுலின் போதும் என்று வைத்தோம். திரவமும் பொட்டாசியமும் ஏறின.

மருந்து வேன்கோமைசின், வாய்வழியாக 125 மி.கி., ஆறு மணிக்கொரு முறை, பத்து நாள். இது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊசிக் குப்பியாகத்தான். குப்பியைப் பார்த்ததும் இரவுப் பணியில் இருந்த செவிலியர் ட்ரிப்ஸில் ஏற்றத் தயாரானார். நல்லவேளை, போன் செய்து கேட்டார். இங்கே அந்த ஒரு கேள்விக்கு உயிரின் மதிப்பு. நரம்பில் ஏற்றும் வேன்கோமைசின் பெருங்குடலின் உட்புறத்துக்கு வந்து சேராது. வாயால் குடித்தால் ரத்தத்தில் கலக்காமல் அப்படியே குடலுக்குள் இறங்கி அங்கேயே வேலை செய்யும். 500 மி.கி. குப்பியில் 10 மி.லி. நீரைச் செலுத்திக் கரைத்து, இரண்டரை மி.லி. வீதம் நான்கு சிரிஞ்சுகளில் எடுத்து, ஊசியைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று ஒட்டி, "குடிக்க மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி ஃபிரிட்ஜில் வைத்தோம். ஒரு நாளைக்கு ஒரு குப்பி சரியாக முடியும்.

"ஊசி மருந்தைப் போய்க் குடிக்கச் சொல்றீகளே தம்பி" என்று ஆச்சி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். கசப்பு தாங்காமல் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றில் கலந்து கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் நான்கு முறைதான் போனது, வெள்ளையணுக்கள் 9,800, கிரியாட்டினின் 1.1. ஏழாம் நாள் மீதி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது அக்காவை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினேன். இந்தப் பாக்டீரியா சாதகமில்லாத இடத்தில் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் பழகிவிட்ட ஆல்கஹால் சானிடைசர் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கழிப்பறையைச் சாதாரண பினாயிலால் அல்ல, குளோரின் உள்ள பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆச்சிக்கு ஒரே ஒரு கவலைதான்: "கக்கூசுல ஊத்துங்க. வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல மட்டும் ஊத்திறாதீக, ஐயா காலத்துல போட்டது." வளவில் ஊற்றத் தேவையே இல்லை என்று உறுதி சொன்ன பிறகே காரில் ஏறினார்.

மருந்து முடிந்த பதினாறாம் நாள் அக்கா போன் செய்தார். காலையிலிருந்து ஆறு முறை.

இது நான் எதிர்பார்க்காதது அல்ல. முதல் முறை குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. ஒருமுறை திரும்பியவருக்கு மேலும் திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஏன் என்பதில்தான் இந்த நோயின் சாரமே இருக்கிறது.

நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது, நம் சொந்த செல்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம். அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில். அத்தனையையும் சேர்த்து எடைபோட்டால் கால் கிலோகூடத் தேறாது. அவை அங்கே சும்மா கிடக்கவில்லை. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்கள் சிறுகுடலைத் தாண்டி வரும்போது, அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற வேலையைச் சில பாக்டீரியாக்கள் செய்கின்றன. மாற்றப்படாத பித்த அமிலம் டிஃபிசில் ஸ்போரைத் தட்டி எழுப்பி முளைக்கவைக்கும். மாற்றப்பட்டது, முளைத்ததை வளரவிடாமல் அமுக்கும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களில் க்ளோஸ்ட்ரிடியம் சிண்டன்ஸ் என்ற ஒன்று எலிகளுக்கு டிஃபிசில் நோயிலிருந்து பாதுகாப்புத் தருவதை 2015-இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. டிஃபிசிலுக்கு உறவுக்கார இனத்தில் பிறந்ததே அதற்குக் காவலாக நிற்கிறது.

ஆன்டிபயாடிக் வந்து இந்தக் காவலர்களைக் கூண்டோடு அழிக்கும்போது, குடலில் பித்த அமிலம் மாற்றப்படாமலே கிடக்கிறது. ஸ்போர்கள் முளைக்கின்றன. ஏ, பி என்ற இரண்டு நஞ்சுகள் குடற்சுவர் செல்களுக்குள் புகுந்து, செல்லுக்கு வடிவம் தரும் உட்சட்டத்தைக் குலைக்கின்றன. செல்கள் உருண்டு ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, இடைவெளி வழியே நீர் கசிகிறது, வெள்ளையணுக்கள் படையெடுக்கின்றன. வேன்கோமைசின் முளைத்த பாக்டீரியாவைக் கொல்லும், ஸ்போரை எதுவும் செய்யாது. அதுவும் ஓர் ஆன்டிபயாடிக்தானே, எஞ்சியிருக்கும் காவலர்களையும் சேர்த்தே தாக்கும். மருந்து நின்றதும் ஸ்போர் முந்துகிறதா, காவலர்கள் முந்துகிறார்களா என்பதுதான் பந்தயம். ஆச்சிக்கு முதல் சுற்றில் ஸ்போர் முந்திவிட்டது.

திரும்ப மாதிரி எடுத்து அதே ஐஸ் பெட்டியில் அனுப்பினோம், டாக்சின் பாசிட்டிவ். இம்முறை வெள்ளையணு 11,000-தான். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு அவ்வளவு சேதம் செய்யாத ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தை அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2021-லிருந்து முதல் தேர்வாகச் சொல்கின்றன. அந்த நேரத்தில் அது எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் வேன்கோமைசினையே படிப்படியாகக் குறைக்கும் முறையில் கொடுத்தோம். இரண்டு வாரம் நாளுக்கு நான்கு வேளை, ஒரு வாரம் இரண்டு வேளை, ஒரு வாரம் ஒரு வேளை, பிறகு ஆறு வாரம் மூன்று நாளுக்கொரு முறை. மருந்தில்லாத நாளில் ஸ்போர் முளைக்கும், மருந்து நாளில் அது சாகும், இடையில் காவலர்கள் மெல்லத் தலையெடுப்பார்கள் என்பது இதன் கணக்கு. அக்கா நாட்காட்டித் தாளில் மருந்து நாளுக்கெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்து வைத்துக் கொடுத்தார். ஒரு வேளை தவறவில்லை.

இந்த நாட்களில்தான் மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். "ஆத்தாவுக்கு மலமாற்று சிகிச்சை செய்யலாமா டாக்டர்?" கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார். தயங்க வேண்டிய கேள்வியே அல்ல. 1958-இல் டென்வரில் ஐஸ்மேன் என்ற அறுவை மருத்துவர், சாகக்கிடந்த நான்கு நோயாளிகளுக்கு நலமானவரின் மலத்தை எனிமாவாகக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். 2013-இல் நெதர்லாந்தில் முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களில் 16 பேருக்கு நன்கொடையாளரின் மலக் கரைசலை மூக்குவழிக் குழாயில் சிறுகுடலுக்கு அனுப்பினார்கள். ஒரே முறையில் 13 பேர் குணம், மீதியுள்ளவர்களில் இருவர் இரண்டாம் முறையில். வேன்கோமைசின் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் நால்வர்தான் தேறினார்கள். வித்தியாசம் அத்தனை பெரியதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருந்து ஆணையம் இந்த வகையில் இரண்டு தயாரிப்புகளுக்கு அனுமதி தந்தது. ஒன்று ஆசனவாய் வழி, மற்றது விழுங்கும் கேப்சூல்.

ஆனால் ஆச்சிக்கு அப்போது அது வேண்டாம் என்றேன். திரும்ப வந்தது ஒரு முறைதான். இரண்டாம் முறை, மூன்றாம் முறை திரும்புகிறவர்களுக்குத்தான் இதைப் பொதுவாக யோசிக்கிறோம். அதைவிட முக்கியமான காரணம் நன்கொடையாளர். 2019-இல் அமெரிக்காவில், பல மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா ஒரே நன்கொடையாளரின் மலத்திலிருந்து இரண்டு பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்துபோனார். நம் நாட்டில் எந்த நோயும் இல்லாமல் அப்படிப்பட்ட ஈ.கோலையைக் குடலில் சுமக்கிறவர்கள் ஏராளம். உறவுக்காரர் யாரையாவது பிடித்து, சரியான சோதனை இல்லாமல் இதைச் செய்வது ஒரு நெருப்பை அணைக்க இன்னொரு நெருப்பைக் கொண்டுவருவதாக ஆகலாம். மீண்டும் வந்தால் முறைப்படி சோதனை வசதியுள்ள பெரிய மையத்துக்கு அனுப்புகிறேன் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பற்றி. ஆச்சியின் உறவினர் ஒருவர் ஏற்கெனவே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த நோய் திரும்பாமல் தடுக்க அவை உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் அதற்காக அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. பழைய சோற்று நீராகாரம் குடிக்கலாமா என்று ஆச்சி கேட்டார். சிறுவயதிலிருந்து பழகியது, தாராளமாகக் குடிக்கட்டும் என்றேன், மருந்தாக அல்ல, சாப்பாடாக. குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனி நார்ச்சத்துதான். வயிறு அடங்கிய பிறகு கீரையும் பயறும் மெல்லக் கூடின. கவுனி அரிசியைச் சர்க்கரை போடாமல் வேகவைத்துச் சாப்பிட முடியாது என்று சண்டை பிடித்தார், அதை விட்டுவிட்டோம்.

எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் வருத்தம் தருவது அந்தப் பென்சிலின் வரி. ஆச்சிக்குப் பத்து வயதில் காய்ச்சலுக்கு ஊசி போட்டபோது உடம்பெல்லாம் சிவந்து தடித்ததாம். மூச்சுத் திணறல் இல்லை, மயக்கம் இல்லை. அந்தக் காய்ச்சல் அம்மையாகவே இருந்திருக்கலாம். அன்று யாரோ சொன்னது அறுபது ஆண்டுகளாகச் சீட்டுக்குச் சீட்டு ஏறி வந்திருக்கிறது. பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்றுதான் தெரிகிறது. 2018-இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வொன்றில், அந்த முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு டிஃபிசில் நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது: பென்சிலின் இல்லையென்றால் கை அடுத்துப் போவது கிளிண்டமைசின் போன்ற பரந்த சேதம் செய்யும் மருந்துகளுக்கு. பல் சிகிச்சைக்கு முன் இதயநோயாளிகளுக்குத் தடுப்பாகக் கிளிண்டமைசின் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க இதயக் கழகம் 2021-இல் சொல்லிவிட்டது. ஆச்சிக்கு மதுரையில் தோல் சோதனை செய்தோம், எதிர்வினை இல்லை. மருந்தையே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தால்தான் அந்த வரியை முழுதாக அடிக்க முடியும். குடல் நிலைபெறும்வரை அதைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

செஃபிக்சிம் பற்றியும் ஒன்று. 2014 மார்ச்சிலிருந்து அது மருந்து விற்பனை விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, எழுதிய மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆச்சி கையில் அது கிடைத்தது ஒரு நிமிடத்தில். அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலியோடு வாசலில் நிற்கும் தெரிந்த ஆச்சியிடம் இல்லை என்று சொல்வது கடினம். ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

வேன்கோமைசின் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. நோய் திரும்பவில்லை. இழந்த ஏழு கிலோவில் ஐந்து கிலோ திரும்பியிருக்கிறது, அல்புமின் 3.8. எங்கள் மருத்துவமனையில் வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களின் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், அட்டையோடு. அதன் பிறகு இன்னும் இரண்டு பேருக்கு இந்த நோயைக் கண்டுபிடித்தோம். ஒருவர் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிட்ட 64 வயதுக்காரர், இன்னொருவர் 33 வயதுப் பெண், பிரசவ அறுவைக்குப் பிறகு.

போன மாதம் ஆச்சிக்கு எதிர்ப்பக்கத்துப் பல்லில் வலி. பல் மருத்துவர் கருவியைத் தொடும் முன் எனக்குப் போன் செய்தார். காய்ச்சல் இல்லை, முகத்தில் வீக்கம் பரவவில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆன்டிபயாடிக் இல்லாமலே எடுக்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். எடுத்த பிறகு வெதுவெதுப்பான உப்புநீரும் இரண்டு நாள் பாராசிட்டமாலும் மட்டும். ஐந்தாம் நாள் பார்த்தபோது புண் சுத்தமாக ஆறியிருந்தது. ஆச்சி சம்புடத்தைக் கூடவே கொண்டு வந்திருந்தார். திறந்து என் முன் நீட்டினார்: "பாருங்க தம்பி, புதுசா ஒரு அட்டையும் இல்ல."